ஹேஷ்செட்டில் இருக்கும் ஆப்ஜெக்டை கன்டெய்ன்ஸ் 'இல்லை' என்கிறது, ஏன்?

பொட்டலம் கேட்டது:

வணக்கம். ஜாவா 17-ல் மளிகைக் கடைக்கான சரக்கிருப்பு நிரல். 'சரக்கு' என்று ஒரு கிளாஸ், அதில் மூன்று ஃபீல்டுகள்: குறியீடு லாங் வகை, பெயர் ஸ்ட்ரிங், விலை பிக்டெசிமல். பெயர்கள் எல்லாம் தமிழில்தான். ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் இரண்டையும் எடிட்டரே எழுதிக் கொடுத்தது, மூன்று ஃபீல்டுகளும் அவற்றில் இருக்கின்றன.

சரக்குகளை ஒரு ஹேஷ்செட்டில் போட்டு வைத்திருக்கிறேன். விலை மாறும்போது அதே ஆப்ஜெக்டில் செட்டர் மூலம் விலையை மாற்றுகிறேன். அதற்குப் பிறகு கன்டெய்ன்ஸ் கேட்டால் ஃபால்ஸ் வருகிறது. ரிமூவும் ஃபால்ஸ். ஆனால் செட்டை அச்சிட்டால் அந்தச் சரக்கு கண் முன்னால் நிற்கிறது, சைஸும் சரியாக இருக்கிறது. அதே ஆப்ஜெக்டை மறுபடி ஆட் செய்தால் உள்ளே போய்விடுகிறது, சைஸ் 2 ஆகிறது! ஒரே ஆப்ஜெக்ட் ஒரு செட்டில் இரண்டு முறை எப்படி இருக்க முடியும்?

இன்னும் இரண்டு சந்தேகங்கள். பெயர்களை மட்டும் தனி செட்டில் சேர்த்தால் 'கொத்தமல்லி' இரண்டு முறை வருகிறது, எழுத்துப் பிழை ஏதும் கண்ணுக்குத் தெரியவில்லை. அடுத்து, மொத்தம் 2,00,000 சரக்குகள் வரும் என்று தெரியும். கன்ஸ்ட்ரக்டரில் 2,00,000 என்று கொடுத்தால் போதுமா?

---

கூடைஎண் பதில்:

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் அதுதான் வேர்.

ஹேஷ்செட் என்பது உள்ளுக்குள் ஒரு ஹேஷ்மேப். நீங்கள் போடும் ஆப்ஜெக்ட் அந்த மேப்பின் கீ ஆகிறது, வேல்யூ இடத்தில் எல்லாவற்றுக்கும் பொதுவான ஒரு வெற்று ஆப்ஜெக்ட். ஆட் செய்யும் நொடியில் ஹேஷ்கோட் ஒரே ஒரு முறை அழைக்கப்படுகிறது. வந்த 32 பிட் எண்ணின் மேல் 16 பிட்டுகளைக் கீழ் 16 பிட்டுகளோடு எக்ஸ்-ஆர் செய்து, டேபிளின் அளவுக்கு ஏற்றபடி கடைசிப் பிட்டுகளை மட்டும் எடுத்தால் பக்கெட் எண், அதாவது டேபிளில் எந்த இடம் என்பது, கிடைக்கும். அந்தப் பக்கெட்டில் ஒரு நோடு உருவாகிறது. அந்த நோடு உங்கள் ஆப்ஜெக்டின் ரெஃபரன்ஸோடு அப்போது கணக்கிட்ட ஹேஷையும் ஒரு இன்ட் ஆக எழுதி வைத்துக்கொள்கிறது. இந்த எண் பிறகு ஒருபோதும் புதுப்பிக்கப்படுவதில்லை. டேபிள் இரட்டிப்பாகி எல்லா நோடுகளும் இடம் மாறும்போதும் எழுதி வைத்த பழைய எண்ணைக் கொண்டுதான் புது இடம் தீர்மானமாகிறது. ஆகவே செட் வளர்ந்தால் தானாகச் சரியாகிவிடும் என்று எதிர்பார்க்க வழியில்லை.

நீங்கள் விலையை மாற்றியதும் ஹேஷ்கோட் தரும் எண் மாறிவிட்டது. கன்டெய்ன்ஸ் புது எண்ணை வைத்து வேறு பக்கெட்டுக்குப் போகிறது, அங்கே எதுவும் இல்லை, ஃபால்ஸ். தற்செயலாக அதே பக்கெட்டுக்கே போனாலும் பயன் இல்லை: தேடலில் முதல் சோதனையே நோடில் உள்ள ஹேஷும் இப்போதைய ஹேஷும் சமமா என்பதுதான். அது தோற்றால் 'இரண்டும் ஒரே ரெஃபரன்ஸா' என்ற கேள்விகூடக் கேட்கப்படாது. அதனால்தான் ஒரே ஆப்ஜெக்ட் இரண்டு நோடுகளில் உட்கார முடிந்தது. அச்சிடும்போது தெரிவதற்குக் காரணம், இட்டரேட்டர் யாரையும் தேடுவதில்லை. டேபிளை முதல் பக்கெட்டிலிருந்து கடைசி வரை நடந்து பார்க்கிறது, அவ்வளவுதான்.

இதுதான் காரணமா என்று உறுதி செய்ய எளிய சோதனை உண்டு. விலையைப் பழைய மதிப்புக்கே திருப்பி வைத்து கன்டெய்ன்ஸ் கேளுங்கள். ட்ரூ வந்தால் சந்தேகமே வேண்டாம். ஒரு எச்சரிக்கை: 120.0 என்று இருந்ததை 120.00 என்று திருப்பினால் ட்ரூ வராது. பிக்டெசிமலின் ஈக்வல்ஸ் தசம இடங்களின் எண்ணிக்கையையும் பார்க்கிறது, ஹேஷ்கோடும் அப்படியே. இதே காரணத்தால் 2.0, 2.00 இரண்டையும் ஹேஷ்செட்டில் போட்டால் இரண்டு உறுப்புகள். ட்ரீசெட்டில் போட்டால் ஒன்றுதான், ஏனென்றால் அது கம்பேர்டூ-வைக் கேட்கிறது, ஈக்வல்ஸை அல்ல.

தீர்வு: விலையை ஈக்வல்ஸ், ஹேஷ்கோட் இரண்டிலிருந்தும் எடுத்துவிடுங்கள். 'இந்தச் சரக்கும் அந்தச் சரக்கும் ஒன்றா' என்ற கேள்விக்கு விலைக்கு என்ன வேலை? பெயருக்கும் வேலை இல்லை. குறியீடு ஒன்றுதான் அடையாளம். அந்த ஃபீல்டை ஃபைனல் ஆக்கி, ஈக்வல்ஸும் ஹேஷ்கோடும் அதை மட்டும் பார்க்கட்டும். எடிட்டர் எழுதித் தரும் கோடு எல்லா ஃபீல்டுகளையும் அள்ளிப் போடுவது வசதிக்காக. எது அடையாளம் என்று அதற்குத் தெரியாது, அதை முடிவு செய்ய வேண்டியவர் கிளாஸை எழுதுபவர்.

ஏற்கெனவே குழம்பிப்போன செட்டைக் கையில் வைத்திருந்தால், பழைய செட்டைக் கன்ஸ்ட்ரக்டருக்குக் கொடுத்துப் புது ஹேஷ்செட் உருவாக்குங்கள். ஒவ்வொரு உறுப்பும் மறுபடி ஆட் ஆவதால் ஹேஷ் புதிதாகக் கணக்கிடப்படும், இரட்டை நோடும் மறையும். இட்டரேட்டரின் ரிமூவை நம்பி நீக்குவதாக இருந்தால் பதிப்பைக் கவனிக்க வேண்டும்: ஜாவா 8-ல் அந்த ரிமூவ் உள்ளே ஹேஷைத் திரும்பக் கணக்கிட்டுத் தேடும், எதையும் நீக்காமல் சத்தமில்லாமல் திரும்பிவிடும். 17-ல் நோடில் உள்ள எண்ணையே எடுத்துக்கொள்வதால் நீக்கிவிடும். பழைய சர்வரிலும் ஓட வேண்டிய கோடு என்றால் இந்த வழியே வேண்டாம்.

---

பைட்கோட்டை பதில்:

கூடைஎண் சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். உங்கள் தேவைக்கு ஹேஷ்செட்டே தேவையா என்று யோசியுங்கள். குறியீட்டைச் சொன்னால் சரக்கு வர வேண்டும், அதன் விலையை மாற்ற வேண்டும் என்றால் குறியீட்டைக் கீ ஆகவும் சரக்கை வேல்யூ ஆகவும் கொண்ட ஹேஷ்மேப்தான் சரியான பாத்திரம். வேல்யூ எப்படி மாறினாலும் மேப்புக்குக் கவலை இல்லை. செட்டில் 'இருக்கிறதா' என்று கேட்கலாமே தவிர 'இருப்பதை எடுத்துக் கொடு' என்று கேட்க மெத்தட் கிடையாது. அந்தக் குறையை நிரப்ப முழு செட்டையும் லூப் போட்டுத் தேடும் கோடு எத்தனையோ இடங்களில் இருக்கிறது. ஹேஷ் வைத்திருப்பதன் பலனையே அது அழித்துவிடுகிறது.

செட்தான் வேண்டும் என்றால் இன்னொரு விஷயம் நினைவில் இருக்கட்டும். சமமான உறுப்பு ஏற்கெனவே இருந்தால் ஆட் பழையதை மாற்றாது. புதியதைத்தான் தள்ளிவிட்டு ஃபால்ஸ் தரும். குறியீட்டை மட்டும் அடையாளமாக்கிய பிறகு, புது விலையோடு இன்னொரு ஆப்ஜெக்டை ஆட் செய்தால் உள்ளே பழைய விலைதான் இருக்கும். முதலில் ரிமூவ், பிறகு ஆட் என்று வரிசையாகச் செய்ய வேண்டும்.

குறியீடு லாங் என்று சொன்னீர்கள். அந்தக் குறியீடுகளைத் தனி செட்டாக வைத்தால் ஒரு பொறி இருக்கிறது. கன்டெய்ன்ஸ், ரிமூவ் இரண்டும் எந்த ஆப்ஜெக்டையும் ஏற்கும்படி எழுதப்பட்டவை, வகை பொருந்தாவிட்டால் கம்பைலர் தடுக்காது. லாங் செட்டிடம் வெறும் 5 என்று கேட்டால் அது இன்டீஜர் ஆகப் போகும். இன்டீஜர் 5-ம் லாங் 5-ம் ஈக்வல்ஸ் கணக்கில் சமம் இல்லை, ஆகவே எப்போதும் ஃபால்ஸ். ஆட் மட்டும் வகையைக் கறாராகப் பார்ப்பதால் அங்கே கம்பைலர் நிறுத்திவிடும், மற்ற இரண்டிலும் மௌனம். எண்ணுக்குப் பின்னால் லாங் என்று காட்டும் எழுத்தைச் சேருங்கள், அல்லது மாறியின் வகையையே சின்ன எழுத்து லாங் (ஆப்ஜெக்ட் அல்லாத அடிப்படை வகை) என்று அறிவியுங்கள்.

ஈக்வல்ஸைக் கையால் மாற்றி எழுதும்போது மறக்காமல் மேலே @ஓவர்ரைடு போடுங்கள். பாராமீட்டரின் வகையை ஆப்ஜெக்ட் என்று வைக்காமல் 'சரக்கு' என்று வைத்தால் அது ஓவர்லோடு ஆகிவிடும், ஓவர்ரைடு ஆகாது. ஹேஷ்செட் அதை அழைக்கவே அழைக்காது, நிரல் பிழையின்றி ஓடும், நகல்கள் மட்டும் குவியும். @ஓவர்ரைடு இருந்தால் கம்பைல் ஆகும்போதே தெரிந்துவிடும்.

---

மெய்யும்உயிரும் பதில்:

இரண்டு கொத்தமல்லி பற்றி.

தமிழில் 'கொ' என்பதை யூனிகோடில் இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ககரத்துக்குப் பின் ஒகர உயிர்க்குறி ஒரே எழுத்தாக, அதாவது குறியெண் 3018 என்று வரலாம். அல்லது ஒற்றைக்கொம்பு 3014, பிறகு கால் 3006 என்று இரண்டு எழுத்தாக வரலாம். திரையில் ஒரு வித்தியாசமும் தெரியாது. ஸ்ட்ரிங் ஈக்வல்ஸுக்கோ நீளமே வேறு. சில விசைப்பலகைகளிலிருந்தும், பழைய எழுத்துருவிலிருந்து மாற்றிய கோப்புகளிலிருந்தும் இரண்டாவது வடிவம் வரும். லெங்த் மெத்தடை அழைத்துப் பார்த்தாலே பிடிபடும்: ஒன்றில் 10, மற்றதில் 11.

செட்டில் போடுவதற்கு முன் ஜாவாவின் டெக்ஸ்ட் பேக்கேஜில் உள்ள நார்மலைசர் கிளாஸ் வழியாக என்எஃப்சி (பிரிந்த குறிகளைச் சேர்த்து எழுதும் யூனிகோடு வடிவம்) வடிவத்துக்கு மாற்றுங்கள். ஒகரம், ஓகாரம், ஔகாரம் மூன்றும் ஒற்றை எழுத்தாக ஒன்றுபடும். தேடும்போதும் அதே மாற்றத்தைச் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் போட்டது ஒரு வடிவம், கேட்பது ஒரு வடிவம் என்று ஆகும். பெயர் நிரலுக்குள் நுழையும் ஒரே இடத்தில், அதாவது கிளாஸின் கன்ஸ்ட்ரக்டரில், இதை வைத்துவிடுவது நல்லது.

ஆனால் என்எஃப்சி எல்லாவற்றையும் தீர்த்துவிடாது. 'கௌரி' என்பதை ஒற்றைக்கொம்பும் ளகர எழுத்துமாக 'கெளரி' என்று தட்டியிருப்பார்கள். யூனிகோடின் பார்வையில் அது வேறு சொல், ஒன்றாக்க மாட்டாது. 'ஸ்ரீ' என்பதன் முதலெழுத்து 3000 ஆகவும் இருக்கும், 2998 ஆகவும் இருக்கும், பெரும்பாலான எழுத்துருக்களில் வடிவம் ஒன்றே. கண்ணுக்குத் தெரியாத இணைப்பான்கள் 8204, 8205 சொல்லின் நடுவே ஒட்டியிருக்கலாம். இணையப் பக்கத்திலிருந்து நகலெடுத்தால் முறியா இடைவெளி 160 கடைசியில் தொங்கும். ட்ரிம் அதை நீக்காது, ஸ்ட்ரிப்பும் நீக்காது. இவற்றுக்கு நீங்களே மாற்று விதிகள் எழுத வேண்டும். அதில் 'கெள' என்பதை மட்டும் கண்மூடித்தனமாக மாற்றாதீர்கள், 'கெளுத்தி' மீன் 'கௌுத்தி' ஆகிவிடும். மளிகைப் பட்டியலில் கருவாடும் இருக்குமே. அதற்குச் சொல் பட்டியல் வைத்துச் சரிபார்ப்பதுதான் பாதுகாப்பு.

தமிழ் ஸ்ட்ரிங் என்று வந்ததால் ஹேஷ் மோதலையும் காட்டிவிடுகிறேன். ஸ்ட்ரிங்கின் ஹேஷ்கோட் ஒவ்வொரு எழுத்துக்கும் இதுவரை வந்த தொகையை 31-ஆல் பெருக்கி எழுத்தின் எண்ணைக் கூட்டுவது. ஆகவே ஒரு எழுத்தை ஒன்று கூட்டி அடுத்த எழுத்தை 31 குறைத்தால் விடை மாறாது. ழ 2996, புள்ளி 3021. வ 2997, ம 2990. 31 × 2996 + 3021 = 95,897. 31 × 2997 + 2990 = 95,897. எனவே 'தமிழ்' என்ற ஸ்ட்ரிங்குக்கும் 'தமிவம' என்ற ஸ்ட்ரிங்குக்கும் ஹேஷ்கோட் ஒன்றே, ஓட்டிப் பார்க்கலாம். இரண்டையும் செட்டில் போடுங்கள், சைஸ் 2 என்றுதான் வரும். ஒரே பக்கெட்டில் இரண்டு நோடுகள், பிரித்துச் சொல்வது ஈக்வல்ஸ். 'ஹேஷ் சமமானால் ஆப்ஜெக்ட் சமம்' என்று எண்ணி ஈக்வல்ஸுக்குள் ஹேஷ்கோடை மட்டும் ஒப்பிடும் கோடு தவறாவது இதனால்தான்.

---

பொட்டலம்:

மிக்க நன்றி. லெங்த் 10, 11 என்றேதான் வருகிறது. விலையைத் திருப்பி வைத்ததும் கன்டெய்ன்ஸ் ட்ரூ ஆனது.

ஒரு சிக்கல்: குறியீட்டை ஃபைனல் ஆக்க முடியவில்லை. அது டேட்டாபேஸ் தானாகத் தரும் எண், ஹைபர்னேட் (ஜாவா ஆப்ஜெக்டுகளை டேட்டாபேஸில் சேமிக்கும் லைப்ரரி) வழியாகச் சேமித்த பிறகுதான் கிடைக்கிறது. அதற்கு முன் நல். புதுச் சரக்குகளைச் சேமிப்பதற்கு முன்பே ஒரு செட்டில் சேர்க்கிறேன்.

---

கூடைஎண் பதில்:

அப்படியானால் அதே வியாதி வேறு வாசலால் வரும். நல் இருக்கும்போது போட்ட நோடில் ஒரு ஹேஷ், சேமித்த பின் வேறு ஹேஷ். இன்னும் மோசம், ஈக்வல்ஸில் நல்லும் நல்லும் சமம் என்று எழுதியிருந்தால் சேமிக்காத எல்லாச் சரக்குகளும் ஒன்றாகி, முதல் சரக்கு மட்டும் செட்டில் தங்கும். மற்றவை சொல்லாமல் காணாமல் போகும்.

சரக்குக்கு டேட்டாபேஸ் எண் தவிர இயல்பான அடையாளம் இருக்கிறதா? பொட்டலத்தில் அச்சிட்ட 13 இலக்க பார்கோடு போல, உருவாக்கும்போதே தெரிவதும் மாறாததுமாக? இருந்தால் அதையே அடையாளமாக்குங்கள், அதுதான் சுத்தம். தளர்வாக எடை போட்டு விற்கும் பருப்பு, புளிக்கு பார்கோடு இருக்காது என்றால், ஆப்ஜெக்ட் உருவாகும்போதே ஒரு யூயூஐடி (மற்றொன்றோடு மோதாத தனி அடையாள எண்) கொடுத்து அதையும் டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசையாகச் சேமியுங்கள். அதுவும் முடியாவிட்டால் கடைசி வழி: ஹேஷ்கோட் எல்லாச் சரக்குக்கும் ஒரே மாறிலியைத் தரட்டும். ஈக்வல்ஸ், ஒரே ரெஃபரன்ஸ் என்றால் ட்ரூ, இல்லையென்றால் குறியீடு நல் அல்லாமலும் சமமாகவும் இருந்தால் மட்டும் ட்ரூ. சரியாக வேலை செய்யும், ஆனால் எல்லா உறுப்பும் ஒரே பக்கெட்டில் குவியும். ஒரு பில்லில் 20, 30 வரிகள் என்றால் தெரியாது. உங்கள் 2,00,000-க்கு இதை நினைத்தே பார்க்க வேண்டாம். ஜாவா 8 முதல் ஒரு பக்கெட்டில் நோடுகள் 8-ஐத் தாண்டி, டேபிளும் 64 அல்லது அதற்கு மேல் இருந்தால், சங்கிலி சிவப்பு-கறுப்பு மரமாக மாறுகிறது என்பது உண்மைதான். ஆனால் ஹேஷ் எல்லாம் ஒன்றே என்னும்போது எந்தக் கிளைக்குப் போவது என்று சொல்ல அந்தக் கிளாஸ் கம்பேரபிள் ஆக இருக்க வேண்டும். இல்லையென்றால் இரு கிளைகளிலும் தேட நேரும், மரத்தால் பலன் இல்லை.

ஹைபர்னேட் என்பதால் ஈக்வல்ஸில் இரண்டு கவனம். கெட்கிளாஸ் ஒப்பிடாமல் இன்ஸ்டன்ஸ்ஆஃப் பயன்படுத்துங்கள், சோம்பேறி லோடிங்கில் (தேவைப்படும்போது மட்டும் தரவை எடுப்பதில்) வருவது உங்கள் கிளாஸின் ப்ராக்ஸி (பதிலாள்) துணைக்கிளாஸ். அதே காரணத்தால் மற்ற ஆப்ஜெக்டின் ஃபீல்டை நேரடியாகத் தொடாமல் கெட்டர் வழியாகக் கேளுங்கள், ப்ராக்ஸியில் அந்த ஃபீல்டு நல் ஆக இருக்கலாம். கெட்டர், ஈக்வல்ஸ் போன்றவற்றைத் தானாக எழுதித் தரும் லாம்போக் லைப்ரரியின் @டேட்டாவை என்டிட்டி (டேட்டாபேஸில் சேமிக்கும் கிளாஸ்) மேல் போடாதீர்கள். ஸ்டாட்டிக், ட்ரான்சியன்ட் தவிர்த்த எல்லா ஃபீல்டையும் அது ஹேஷில் சேர்க்கும். சரக்குக்குள் வகை, வகைக்குள் சரக்குகளின் செட் என்று இருபுறமும் சுட்டினால் ஒன்றின் ஹேஷ்கோட் மற்றதை அழைத்து ஸ்டாக் நிரம்பி விழும்.

---

நினைவகம்32 பதில்:

அளவுக் கேள்வி அப்படியே இருக்கிறது. 2,00,000 என்று கொடுத்தால் போதாது.

கன்ஸ்ட்ரக்டரில் கொடுக்கும் எண் டேபிளின் அளவு, உறுப்புகளின் எண்ணிக்கை அல்ல. அதுவும் அடுத்த இரண்டின் அடுக்குக்கு உயர்த்தப்படும்: 2,62,144. லோடு ஃபேக்டர் (டேபிள் எந்த அளவு நிரம்பினால் இரட்டிப்பாக வேண்டும் என்ற விகிதம்) 0.75 என்பதால் வரம்பு 1,96,608. உங்கள் 1,96,609-ஆவது சரக்கு உள்ளே வரும்போது டேபிள் 5,24,288 ஆக இரட்டிப்பாகி எல்லா நோடுகளும் இடம் மாறும். கடைசி 3,392 சரக்குகளுக்காக இவ்வளவும்! ஜாவா 19-ல் வந்த நியூஹேஷ்செட் என்ற ஸ்டாட்டிக் மெத்தடுக்கு உறுப்பு எண்ணிக்கையையே கொடுக்கலாம், கணக்கை அது பார்த்துக்கொள்ளும். 17-ல் நீங்களே 0.75-ஆல் வகுத்து மேல்நோக்கி முழுமையாக்குங்கள்: 2,66,667.

ஆனாலும் இதில் அதிக நேரம் செலவழிக்க வேண்டாம் என்பேன். இயல்பான 16-ல் தொடங்கினால் 15 முறை இரட்டிப்பாகும், அப்போதெல்லாம் ஹேஷ்கோட் மறுபடி அழைக்கப்படுவதில்லை, சுட்டிகள்தான் நகர்கின்றன. நினைவகக் கணக்கு முக்கியமானது: 64 பிட் ஜேவிஎம்மில் சுட்டிகள் சுருக்கப்பட்ட நிலையில் ஒரு நோடுக்கு 32 பைட், டேபிளில் ஒரு இடத்துக்கு 4 பைட். உங்கள் செட்டுக்கு நோடுகள் 64,00,000 பைட், டேபிள் சுமார் 21,00,000 பைட், சரக்கு ஆப்ஜெக்டுகள் தனி.

உண்மையில் வேகம் செத்துப்போகும் இடம் ரிமூவ்ஆல். செட்டின் சைஸ் பெரிதாக இருந்தால் அது கொடுத்த கலெக்ஷனை நடந்து ஒவ்வொன்றாக நீக்கும். செட் சின்னதாகவோ சமமாகவோ இருந்தால் தலைகீழ்: செட்டை நடந்து ஒவ்வொன்றுக்கும் எதிர்க் கலெக்ஷனின் கன்டெய்ன்ஸைக் கேட்கும். எதிரில் இருப்பது அர்ரேலிஸ்ட் என்றால் ஒவ்வொரு கேள்வியும் முழு வரிசைத் தேடல். 5,000 உறுப்புள்ள செட்டிலிருந்து 2,00,000 உறுப்புள்ள லிஸ்டை நீக்கச் சொன்னால் 100 கோடி ஒப்பீடுகள் வரை போகும். லிஸ்டை நீங்களே லூப் போட்டு செட்டின் ரிமூவை அழையுங்கள், 2,00,000 அழைப்புகளில் முடியும். ரீடெய்ன்ஆல் எப்போதும் எதிர்க் கலெக்ஷனின் கன்டெய்ன்ஸைத்தான் கேட்கும், அதற்கு லிஸ்டை முதலில் ஹேஷ்செட் ஆக்கிவிட்டுக் கொடுங்கள்.

பல த்ரெட்டுகள் ஒரே நேரத்தில் ஆட் செய்யும் என்றால் ஹேஷ்செட் கூடாது, கன்கரன்ட்ஹேஷ்மேப்பின் நியூகீசெட் தரும் செட்டை எடுங்கள். அதில் நல் போட முடியாது, போட்டால் எக்செப்ஷன் வரும்.